பெயர்ப் பட்டியலை எடுத்துவிடுங்கள், ஐயா

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டிச் செயலர், பொருளாளர், உறுப்பினர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்தும் ஐயரம்மா அவர்களுக்கும்,

ஸ்தோத்திரப் பண்டிகை நிகழ்ச்சி நிரலில் இரண்டாம் நாள் மாலை ஆராதனைக்குக் கீழே ஒரு வரி அச்சாகியிருக்கிறது: "குழந்தை பாக்கியம் இல்லாத தம்பதியருக்காக விசேஷ ஜெபம். பெயர்கள் வாசிக்கப்படும்." பகுதி ஜெபக்குழுத் தலைவர்கள் அதற்காக வீடு வீடாகப் பெயர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் கொடுத்தவர்கள் பண்டிகைக்கு முந்தின 21 நாளும் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரும் குடிக்காமல் உபவாசம் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. பாடகர் குழுவுக்கும் ஓய்வுநாள் பாடசாலைக்கும் தொடர்ந்து மூன்று வாரம் வராதவர்களின் பெயர் நீக்கப்படும் என்று இன்னொன்று வந்தது. இவற்றை வெவ்வேறு கூட்டங்களில், வெவ்வேறு காரணங்களுக்காக முடிவு செய்திருப்பீர்கள். ஆனால் மூன்றும் போய் இறங்குவது ஒரே வீட்டு வாசலில்தான்.

எழுதுகிற நாங்கள் இந்தச் சபையார். குழந்தையின்மைச் சிகிச்சை மையங்களில் செவிலியராகவும் ஆய்வகத்திலும் கவுன்சலிங்கிலும் வேலை செய்கிறவர்கள். யாருடைய கதையையும் இதில் எழுதவில்லை. எங்கள் கதையும் இல்லை. நம் சபையில் பெயர் சொல்லாமல் ஒரு கதை சொன்னாலும் அடுத்த ஞாயிறு மணி அடிப்பதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம். ஆகவே சிகிச்சை எப்படி நடக்கிறது, சபையின் நடைமுறை எந்த இடத்தில் அதில் வந்து இடிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம்.

வருகைப் பதிவை முதலில் எடுத்துக்கொள்வோம். வராதவர்கள் முன்கூட்டியே சொல்லலாமே என்று கமிட்டியில் கேட்டதாக அறிகிறோம். சொல்ல முடியாது. முட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தோடு சேர்த்துக் கருவாக்கி, கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் நாள் குறிப்பது டாக்டரும் இல்லை, தம்பதியரும் இல்லை. மாதவிடாய் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஸ்கேன், இரத்தப் பரிசோதனை. அன்றே முட்டை வளர்க்கும் ஊசி தொடங்கும். பெரும்பாலும் தினம் 150 முதல் 300 யூனிட் வரை, சாயங்காலம் ஒரே நேரத்தில், ஒன்பது நாள் முதல் பன்னிரண்டு நாள் வரை. ஐந்தாம் ஆறாம் நாளில், முட்டை முந்தி வெடித்துவிடாமலிருக்க இரண்டாவது ஊசி ஒன்று சேரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் ஸ்கேன். சினைப்பையில் முட்டை இருக்கும் நீர்ப்பைகள் நாளுக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராக வளரும். இரண்டு மூன்று பைகளாவது 17, 18 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் முட்டை எடுக்கும் நாளைக் குறிப்பார்கள். அந்த நாள் தம்பதியருக்குத் தெரிவதே இரண்டு நாளுக்கு முன்தான். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைதான். முட்டைக்கு ஓய்வுநாள் தெரியாது.

ஞாயிறு காலை 8 மணிக்கு முட்டை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முட்டையைப் பழுக்கவைக்கும் கடைசி ஊசியை வெள்ளி இரவு 9 மணிக்குப் போட வேண்டும்; 35 மணி நேரக் கணக்கு. சில மையங்களில் 34, சிலவற்றில் 36. வெள்ளி இரவு 9 மணி என்றால் நம்மில் பாதி வீடுகளில் ஜெபக்கூட்டத்தின் முடிவு ஜெபம் ஓடிக்கொண்டிருக்கும். எழுந்து போனால் "ஜெப நேரத்தில் என்ன அவசரம்" என்ற பார்வை. எழாமல் பதினொன்றுக்குப் போய்ப் போட்டால் காலையில் எடுக்கும்போது 33 மணி நேரம்தான் ஆகியிருக்கும். பழுக்காத முட்டை வரும், அல்லது பையிலிருந்தே பிரிந்து வராது. நேரம் ரொம்பக் கடந்துவிட்டால் முட்டை தானாக வெளியேறிவிடும், எடுக்கப் போனால் வெறும் நீர்தான். பத்து நாள் ஊசியும் அதற்குக் கொடுத்த பணமும் ஒரு முடிவு ஜெபத்தின் நீளத்தில் போய்விடும். (நேரம் தவறினால் மறைக்காமல் அந்த இரவே மையத்துக்குப் போன் செய்ய வேண்டும். முட்டை எடுக்கும் நேரத்தை அதற்கேற்பத் தள்ளிவைக்கப் பெரும்பாலும் வழி உண்டு. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் எல்லாவற்றையும் இழக்கிறார்கள்.)

இந்தக் கணக்கில் ஒரே சுற்றில் மூன்று ஞாயிறு போவது சாதாரணம். ஒன்றில் முதல் ஸ்கேன், அடுத்ததில் மறு ஸ்கேன், அதற்கடுத்ததில் முட்டை எடுப்பு. ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்ந்த கருவை அந்தச் சுற்றிலேயே வைக்காமல் உறையவைத்தால், வைப்பதற்காக அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ மறுபடி ஸ்கேனுக்கு அலைய வேண்டும். பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிற பிள்ளையின் பெயரை உங்கள் விதிப்படி இதற்குள் இரண்டு தடவை நீக்கியிருப்பீர்கள். காரணம் கேட்டு எழுதும் கடிதத்துக்கு அவள் என்ன பதில் எழுதுவாள்?

டிசம்பர் கேரல் ரவுண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். இந்த ஊசிகளில் பலவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து கெட்டுவிடும். ஐஸ் பேக்கின்மேல் நேராக வைத்தாலும் அதே கதிதான். துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். ஏழு மணி ஊசியை வெளியில் இருக்கும்போது போட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை, கை கழுவத் தண்ணீர், ஒரு விளக்கு. நம் ஆலய வளாகத்தில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கோபுரத்துக்கு எல்.இ.டி. போட்ட வருஷத்திலிருந்தே இல்லை.

இனி உபவாசம். இதில்தான் எங்களுக்குப் பயம்.

உபவாசத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்களில் சிலர் லெந்து நாற்பது நாளும் ஒரு பொழுது இருக்கிறவர்கள். ஆனால் நீங்கள் தண்ணீரில்லா உபவாசம் சொல்லியிருக்கும் ஆட்கள் யார் என்று பாருங்கள். முட்டை வளர ஊசி போட்ட பெண்களில் சிலருக்கு, அதிலும் இள வயதினருக்கும் பி.சி.ஓ.டி. (சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகள்) உள்ளவர்களுக்கும், சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும். இரத்தக் குழாயிலிருக்கும் நீர் கசிந்து வயிற்றுக்குள் தேங்கும். வெளியே வயிறு உப்பியிருக்கும், உள்ளே இரத்தம் கெட்டியாகும். அப்படி ஆனவர்களுக்கு இரத்தம் உறைந்து அடைப்பு வரும் ஆபத்தும் உண்டு. முட்டை எடுத்த பிறகு வரும் ஒரு வாரம், பத்து நாளில் அவர்களைத் தண்ணீர், இளநீர், மோர், பருப்பு, முட்டை என்று நிறைய எடுத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஒரே நாளில் ஒரு கிலோ எடை கூடினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தப் பெண்ணிடம் காலை முதல் மாலை வரை தண்ணீர் தொடாதே என்று சுற்றறிக்கை சொல்கிறது. வயிறு உப்புவதை அவள் உபவாசத்தின் வாயு என்று நினைத்துக்கொண்டால்?

சர்க்கரை நோய்க்கோ பி.சி.ஓ.டி.க்கோ மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக் குமட்டலில் கிடப்பார்கள், அல்லது மாத்திரையை விட்டுவிடுவார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று ஜெபக்குழுவில் யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் ஃபோலிக் ஆசிட் மாத்திரை முதற்கொண்டு குப்பைக்குப் போகும்.

அபிஷேக எண்ணெய் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. கரு வைக்கும் நாளில் செண்ட், வாசனைப் பவுடர், வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம் என்று மையங்கள் சொல்வது வழக்கம். கரு வளரும் ஆய்வக அறையில் காற்றைக்கூட வடிகட்டித்தான் விடுகிறோம். வாசனையில் வரும் இரசாயன ஆவி கருவுக்கு ஆகாது. முந்தின நாள் வீட்டுக்கு வந்து ஜெபிக்கிற ஐயா, வாசனையில்லாத ஒலிவ எண்ணெயைப் பூசினால் போதும். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வருவார்கள்.

பெயர் வாசிப்பதற்கு வருகிறோம். முந்தின ஆண்டுகளில் வாசித்த பட்டியல்களில் இருந்த பெயர்களெல்லாம் "சகோதரி" என்றே தொடங்கின. கருத்தரிக்காத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடத்தில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்தணுக்கள் குறைவு, அசைவு குறைவு, விந்துக் குழாய் அடைப்பு, விரையில் இரத்தக் குழாய்ச் சுருள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டர் விந்தில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, அகன்ற வாய் உள்ள சுத்தமான டப்பாவில் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுக்கும் பரிசோதனை. செலவு சில நூறு ரூபாய். ஆனாலும் பெண்ணுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து, கருக்குழாய்க்கு மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, லேப்ராஸ்கோப்பியும் ஆன பிறகுதான் பல வீடுகளில் கணவர் ஆய்வகப் படியேறுகிறார். பட்டியலில் சகோதரிகளை மட்டும் வாசிக்கும் சபை, அவர் படியேறாமலிருக்க ஒரு நியாயத்தைக் கொடுத்துவிடுகிறது.

பெயர் வாசித்ததும் பீடத்தண்டை வந்து முழங்காலிட்டவர்களை அதற்குப் பிறகு சபை கணக்கெடுக்கத் தொடங்கும். அடுத்த மாதம் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கும். கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் கரு வைத்த பெண் தினமும் ப்ரொஜெஸ்ட்ரோன் என்ற, கரு தங்க உதவும் ஹார்மோன் மருந்தை எடுத்துக்கொண்டிருப்பாள். 400 மில்லிகிராம் இரண்டு வேளை பிறப்புறுப்பின் உள்ளே வைப்பாள், அல்லது இடுப்பில் எண்ணெய் ஊசி. அந்த மருந்தே மார்பு வலியையும் குமட்டலையும் அசதியையும் தரும், வயிற்றை உப்பவைக்கும், மாதவிடாயைத் தள்ளிப்போடும். கர்ப்பத்தின் அடையாளம் எதெல்லாமோ அதெல்லாம் மருந்தின் அடையாளமும்தான். "முகத்தைப் பார்த்தாலே தெரியுதே, நாள் தள்ளியிருக்கே" என்று சங்கத்து அம்மாமார் சொல்வது மருந்தைப் பார்த்து. வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தாலும் ஏமாற்றக்கூடும்: முட்டை எடுக்குமுன் போட்ட கடைசி ஊசியில் பெரும்பாலும் இருப்பதே கர்ப்ப ஹார்மோன்தான், அது உடம்பை விட்டுப் போகப் பத்து, பதினான்கு நாள் ஆகலாம். கரு வைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எடுக்கும் இரத்தப் பரிசோதனைதான் ரிசல்ட். ரிசல்ட் நல்லதாக வந்தும், ஆறு ஏழு வாரத்தில் ஸ்கேனில் துடிப்பு பார்க்குமுன் கலைந்துபோகிறவை உண்டு. அதற்குள் ஸ்தோத்திர காணிக்கைக் கவரில் பெயர் எழுதி ஆலயத்தில் வாசித்தாயிற்று என்றால், கலைந்ததையும் அதே சபைக்கு அவர்களே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாசலிலும்.

ஒவ்வொரு முயற்சியும் பலிப்பதில்லை என்பதைச் சபை தெரிந்துகொள்ள வேண்டும். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களிலும் ஒரு தடவை கரு வைத்தால் பிள்ளை பிறக்காமல் போவது சாதாரணம். 40-க்கு மேல் நிலைமை இன்னும் கடினம். பெயரை வாசித்துவிட்டுக் காத்திருக்கிற சபைக்கு, பலிக்காத ஒவ்வொரு தடவையும் அவர்களுடைய விசுவாசக் குறைவாகத் தெரியும். சகரியாவும் எலிசபெத்தும் குற்றமற்றவர்களாய் நடந்தார்கள், அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை என்று லூக்கா இரண்டையும் அடுத்தடுத்தே எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒவ்வொரு வருகைக் காலத்திலும் வாசிக்கிறோம்.

வேதத்தில் பிள்ளையில்லாதிருந்த அன்னாளின் ஜெபத்தைப் பண்டிகைப் பிரசங்கத்துக்கு எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். நல்லது. அன்னாளை மனமடிவாக்கினது எந்த இடத்தில் நடந்தது என்பதையும் தயவுசெய்து வாசியுங்கள். வருஷாவருஷம் கர்த்தருடைய ஆலயத்துக்குப் போகும் சமயத்தில்தான், பந்தியில் பங்கு போடும் இடத்தில்தான். அவள் ஜெபித்தது சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. ஆசாரியனாகிய ஏலி அவள் வாயைக் கவனித்துப் பார்த்து, குடித்து வெறித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். அவள் பெயரை யாரும் வாசிக்கவில்லை.

அடுத்தது சாட்சி. எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஐ.வி.எஃப். மூலம் பிள்ளை பெற்றவர்களைச் சாட்சி சொல்ல அழைக்கிறீர்கள். அழைக்கும்போதே "ஆஸ்பத்திரிப் பேச்சு வேண்டாம், கர்த்தர் செய்ததை மட்டும் சொல்லுங்கள்" என்கிறீர்கள். மேடையில் "டாக்டர்கள் கைவிட்டார்கள், ஆண்டவர் கொடுத்தார்" என்று சாட்சி முடிகிறது. பின் வரிசையில் உட்கார்ந்து கேட்பவள் 34 வயதுக்காரி. டாக்டர் சொன்ன சிகிச்சையைத் தள்ளிவைத்து இன்னும் இரண்டு வருஷம் ஜெபித்துக் காத்திருப்போம் என்று வீடு திரும்புகிறாள். பெண்ணுக்கு முட்டை புதிதாக உண்டாவதில்லை. பிறக்கும்போது இருந்ததுதான் குறைந்துகொண்டே வரும், முப்பத்தைந்துக்குப் பிறகு வேகமாக. அந்த இரண்டு வருஷத்தை எந்த ஊசியாலும் திருப்பித் தர எங்களால் முடியாது. வயது 35-க்குக் கீழே என்றால் ஒரு வருஷமும், அதற்கு மேல் என்றால் ஆறு மாதமும் முயன்று பார்த்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. சாட்சி மேடை அந்தக் கணக்கை மறைத்துவிடுகிறது.

குருவானவர் ஐயாவால் மட்டுமே செய்ய முடிகிற இரண்டு காரியம் இருக்கிறது. அவற்றை ஒருவரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள் என்பதால் நாங்கள் எழுதுகிறோம்.

ஒன்று, முட்டை எடுக்கும் காலையில் கணவர் விந்து மாதிரி கொடுக்க வேண்டும். கையால்தான் எடுக்க வேண்டும். வாலிபர் முகாமில் பதினாறு வயதில் கேட்ட பிரசங்கம் அந்தச் சின்ன அறைக்குள் அவரோடு வருகிறது. வெளியே மனைவி மயக்க ஊசிக்குக் காத்திருக்கிறார், உள்ளே இவரால் முடியவில்லை. இது அபூர்வமாக நடப்பதல்ல. முன்பே சொன்னால் வழி இருக்கிறது: ஒரு மாதிரியை முன்கூட்டி எடுத்து உறையவைக்கலாம், அல்லது அணுக்களுக்குக் கேடு செய்யாத தனிவகை உறையைப் பயன்படுத்தித் தம்பதியர் கூடும்போதே சேகரிக்கலாம். (கடை ஆணுறை உதவாது. தேங்காய் எண்ணெயும் கூடாது.) மனைவிக்குப் பிள்ளை பெறக் கொடுக்கும் மாதிரி பாவமல்ல என்று ஒரு மேய்ப்பர் தனியே உட்காரவைத்துச் சொல்லும் ஒரு வார்த்தை, எங்கள் கவுன்சலிங்கில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அதிகம் செய்யும்.

இரண்டு, மீதமாகும் கருக்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1987-இல் ஒரு போதனை ஏடு வெளியிட்டு, ஐ.வி.எஃப். ஏன் கூடாது என்று காரணத்தோடு சொல்லிவிட்டது. நம் சேகரத்தில் அப்படித் தெளிவாக யாரும் பேசவில்லை. கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை, முணுமுணுப்பு மட்டும் இருக்கிறது. இங்கே சட்டப்படி கருவைப் பத்து ஆண்டு வரை உறையவைக்கலாம். மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் இருக்கும். மனச்சாட்சி உறுத்துகிறவர்கள், எடுத்த முட்டை எல்லாவற்றையும் கருவாக்காமல் இத்தனை மட்டும் போதும் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கேட்கலாம். மீதி முட்டையை முட்டையாகவே உறையவைக்கலாம். வாய்ப்பு குறையும், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இதையெல்லாம் ஊசி தொடங்குவதற்கு முன் பேச வேண்டும். ஆறு கரு உறைந்து கிடக்கும்போது "அது உயிரல்லவா" என்று கேட்கிற மேய்ப்பரால் அந்த வீட்டுக்கு ஒரு உதவியும் இல்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை. நிகழ்ச்சி நிரலிலிருந்து "பெயர்கள் வாசிக்கப்படும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஜெபம் இருக்கட்டும், பெயரில்லாமல், முன்னுக்கு அழைக்காமல், பொது விண்ணப்பத்தில் வியாதியஸ்தருக்கும் விதவைகளுக்கும் ஜெபிப்பதைப்போல ஜெபியுங்கள். இதுவரை எடுத்த பட்டியலைக் கிழித்துப்போடுங்கள். ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் போட்டதை அழிக்கச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு வருகிறவர் யார் என்று வெளியே சொல்லாதிருக்க, செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021-ஆம் ஆண்டுச் சட்டம் எங்களைக் கட்டுகிறது. நாங்கள் சட்டத்துக்குப் பயந்து காக்கும் இரகசியத்தைச் சபை அன்பினால் காக்கலாம். உபவாசச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, சிகிச்சையில் இருப்பவர்களும் மருந்து எடுப்பவர்களும் உபவாசிக்க வேண்டாம் என்று அடுத்த ஞாயிறு அறிவிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள். பண்டிகை வரை காத்திருக்க முடியாது, 21 நாள் இந்த வாரம் தொடங்குகிறது. மூன்று வார விதியில் "மருத்துவக் காரணம்" என்ற இரண்டு சொல்லைச் சேருங்கள், என்ன காரணம் என்று கேட்காதீர்கள். சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்த வேண்டாம். சொல்ல முன்வருகிறவர் ஆஸ்பத்திரியைச் சொல்ல விரும்பினால் தடுக்க வேண்டாம். ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்க வரும் பெற்றோரிடம் பிள்ளை எப்படி உண்டானது என்று கமிட்டியார் கேட்பதை நிறுத்துங்கள். தானமாகப் பெற்ற முட்டையானாலும் விந்தானாலும் சட்டப்படி அது அவர்கள் பிள்ளை. பதிவேட்டில் அதற்கு மேல் எழுத ஒரு கட்டமும் இல்லை. பெண்கள் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

கமிட்டி விரும்பினால் அரை மணி நேரம் வந்து விளக்கம் சொல்லத் தயாராக இருக்கிறோம். நிகழ்ச்சி நிரலின் இரண்டாம் பிரதி அச்சுக்குப் போவதற்குமுன் எழுத்தில் பதில் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மருத்துவப் பணியிலுள்ள சபையார் சிலர்